இரைச்சல் இருக்கா?

மாடி ஜன்னலில் திடீரென்று ஓர் ஆணின் முகம் முளைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அதனால் கையில் இருந்ததை வைத்துச் சமாளித்தாள். கையில் இருந்தது ஆறிப்போன டீ.

நெற்றியில் தொடங்கி, புருவத்தில் சற்றுத் தயங்கி, மீசை வரை நிதானமாக இறங்கியது டீ. முகம் அசையவில்லை. ஏணியின் உச்சியில் நிற்கிறவன் அசைய முடியாது. கண்களை மட்டும் ஒரு முறை மூடித் திறந்தது.

அவள் காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"யாரு நீங்க?"

"லைன் போட வந்தவங்க. நாலு தடவை பெல் அடிச்சேன். கீழ நின்னு கத்திப் பாத்தேன். எதிர் வீட்டுக்காரர் வெளிய வந்து, ஏன்யா கத்தறேன்னு என்னைவிடப் பெருசா கத்திட்டுப் போனார். சரி, கொக்கியையாவது அடிச்சு வெப்போம்னு ஏறினேன்..."

"அதுக்கு மாடி ஜன்னல்லதான் எட்டிப் பாக்கணுமா?"

"கம்பி மாடி வழியாத்தாங்க வரும். வாசல்ல செருப்பைக் கழட்டி வெச்சிட்டு நடந்து வராது."

அவளுக்குக் கோபப்படத்தான் ஆசை. ஆனால் அவன் மீசை நுனியில் ஒரு சொட்டு டீ, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

"சூடா இருந்துதா?" என்றாள், குரலை இறக்கி.

"இல்லீங்க. சக்கரைதான் கம்மி."

சொட்டு விழுந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது... வந்த பிறகுதான், அந்த அறையில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று தோன்றியது. சட்டென்று நிறுத்திக்கொண்டாள். கீழே இறங்கிப் போய்க் கதவைத் திறந்தாள்.

அவள் வேலை கேட்பது. மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் ஒரு கருவியில் பேசிப் பதிவு செய்வார்கள். அந்தப் பேச்சைக் காதில் மாட்டிக்கொண்டு வரி பிசகாமல் தட்டச்சு செய்ய வேண்டும். பன்னிரண்டு வருடம். "நாற்பத்தெட்டு வயது ஆண், முற்றுப்புள்ளி, இடது முழங்காலில் வலி, காற்புள்ளி..." காலையிலிருந்து மாலை வரை காதருகே குரல்கள். ஒன்றுகூட அவளிடம் பேசிய குரல் இல்லை. அவளுடைய அலுவலகம் சென்ற மாதம், 'நம் குடும்பம் விரிவடைகிறது, இனி ஒவ்வோர் இல்லமும் நம் அலுவலகமே' என்று உருக்கமாக ஒரு சுற்றறிக்கை விட்டது. இடத்தைக் காலி செய்கிறோம், கணினியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள் என்று அதற்குப் பொருள். பக்கத்து நாற்காலிக்காரி தினமும் மதியம் கேட்கும் "சாப்டியா"வும் அத்தோடு போயிற்று.

வீட்டில் யாரும் இல்லை. ஆறு வருடம் படுக்கையில் இருந்த அம்மா இரண்டு வருடத்துக்கு முன் போய்விட்டாள். அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டு, கடைசியில் அது தள்ளிப்போன இடத்திலேயே தங்கிவிட்டது. தொலைவில் இருக்கும் அண்ணன் கணினியில் தினமும் காலை வணக்கம் அனுப்புவான், ரோஜாப்பூப் படத்துடன். ஊர் முழுக்கப் போகும் ரோஜா. செல்போன் சிக்னலோ அந்தத் தெருவின் பள்ளத்தில் இறங்க மறுத்தது. அலுவலகத்திலிருந்து கையோடு கொண்டுவந்த பதிவுகள் தீரும்வரைதான் வேலை ஓடும். அதனால்தான் கம்பி. பேச்சும் இணையமும் சேர்ந்து வரும் பழைய மாதிரிக் கம்பி.

அவள் விழிகளை மான்விழி என்று சொன்னால் மான் கோபித்துக்கொள்ளும். திரையைப் பார்த்துப் பார்த்து ஓரம் சிவந்த, சற்று வீங்கிய கண்கள். ஆனால் நனைந்த சட்டையுடன் வாசலில் நின்றவனுக்குத் துண்டை நீட்டியபோது அவை நிமிர்ந்தன... அவன் துண்டை வாங்க மறந்து நின்றான்.

"துடைச்சுக்குங்க. எறும்பு வந்துடும்."

அலுவலகத்தில் அவனுக்கு 'ஏணி' என்று பெயர். ஆறடி உயரம் ஒரு காரணம். இன்னொரு காரணம், அவனிடம் வேலை கற்றவர்கள் எல்லோரும் மேலே போய்விட்டார்கள், அவன் மட்டும் சுவரில் சாய்ந்தே நின்றான். ஒரு காலத்தில் அவன் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு "அண்ணே பாத்து, அண்ணே பாத்து" என்ற ஒருவர் இப்போது 'வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவு மேலாளர்'. அவர் மகிழ்ந்து யாரும் பார்த்ததில்லை.

கம்பம் தெருவுக்கு அந்தப் பக்கம், எதிர் வீட்டு வாசலை ஒட்டி இருந்தது. எதிர் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற அதிகாரி. தெருவில் எல்லோரும் 'தலைவர்' என்றுதான் கூப்பிடுவார்கள். எதற்குத் தலைவர் என்று கேட்டால் வாசல் பலகையைக் காட்டுவார்கள். அதில் பதினோரு பதவிகள் இருந்தன, ஒன்பதுக்கு முன்னால் 'முன்னாள்'.

"இந்தக் கம்பி என் வீட்டு மேல போகுதா?" என்றார் தலைவர்.

"மேல போகலீங்க. ஓரமாப் போகுது."

"நிழல் பலகை மேல விழும்."

"ஒரு விரல் அகலக் கம்பிங்க சார். அது நிழல்..."

"எந்தப் பதவி மேல விழும்னு சொல்ல முடியுமா?"

ஏணி கம்பத்தைப் பார்த்தான், சூரியனைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான். "காலைல முன்னாள் செயலாளர் மேல. சாயங்காலம் நகந்து முன்னாள் பொருளாளர் மேல. ரெண்டுமே முன்னாள்தாங்க சார். பாதகம் இல்ல."

ஜன்னலில் நின்றிருந்த அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் வேலை செய்வதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கம்பத்தில் ஏறி, இடுப்புப் பட்டையை மாட்டி, கம்பியை இழுத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, கொஞ்சம் விட்டு, மறுபடி பார்த்தான். ஜோசியர் கூட ஜாதகத்தை அப்படிப் பார்க்கமாட்டார்.

"இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டினா நேரா இருக்குமே," என்றாள், அவன் ஜன்னல் பக்கம் வந்ததும்.

"நேரா இருந்தா அழகா இருக்கும். முதல் காத்துக்கு அறுந்துடும். ரொம்பத் தொங்க விட்டா லாரி இழுத்துட்டுப் போயிடும். எவ்வளவு தொய்வு விடணுங்கறதுதான் வேலையே."

"இங்க எதுக்கு இப்படி வளைச்சிருக்கீங்க?" கம்பி சுவருக்குள் நுழையும் துளைக்குச் சற்று முன்னால் கீழே இறங்கி, ஊஞ்சல் போல் வளைந்து, பிறகு மேலேறியது.

"மழை பெஞ்சா தண்ணி கம்பி மேலயே ஓடி வரும். வளைவு இல்லைன்னா நேரா வீட்டுக்குள்ள வந்துடும். இது இருந்தா இங்க வந்து சொட்டிடும். உள்ள வராது."

அதில் அவ்வளவு வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அவன் காது சிவந்திருந்தது.

"எறங்கும்போது எடது காலை முதல்ல வெக்கறீங்க," என்றாள் அவள் திடீரென்று. "ஏறும்போது வலது. எடது முழங்கால்ல வலி. டாக்டர்கிட்டக் காட்டலை."

"நீங்க டாக்டருங்களா?"

"டாக்டருங்க சொல்றத டைப் அடிக்கறவ. ஊசி போட மட்டும்தான் தெரியாது."

கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். போகும்போது காலி டீக்கோப்பையை ஜன்னல் விளிம்பிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டுப் போனான். மேஜையில் அந்த இடத்தை அவள் ஏனோ இரண்டு நாள் துடைக்கவில்லை.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு புதுத் தொலைபேசி முதல் முறையாக அடித்தது. அவள் திடுக்கிட்டு எழுந்ததில் நாற்காலி சாய்ந்தது.

"லைன் போட்டவன் பேசறேங்க. புது லைனுக்கு மறுநாள் ஒரு தடவை கூப்பிட்டுப் பாக்கணும், விதி. சத்தம் கேக்குதா?"

"கேக்குது."

"இரைச்சல் இருக்கா?"

"இல்ல."

"சரிங்க. வெக்கறேன்."

முப்பது நொடி. விதிப்படி அத்துடன் முடிந்தது. ஆனால் அதற்கு மறுநாள் ஆறு மணிக்கும் அடித்தது.

"நேத்து காத்து அடிச்சுது. அதான்... இரைச்சல் இருக்கா?"

"இல்ல."

அதற்கு மறுநாள், "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி. வெயில்ல கம்பி நீளும்."

நாலாம் நாள் அவளே முந்திக்கொண்டாள். "இன்னிக்குக் காத்தும் இல்ல, மழையும் இல்ல, வெயிலும் இல்ல. என்ன காரணம் சொல்லப் போறீங்க?"

"எதுவுமே இல்லைன்னாத்தாங்க சந்தேகமா இருக்கு."

அவள் சிரித்தாள். இந்த முறை நிறுத்திக்கொள்ளவில்லை.

முப்பது நொடி மூன்று நிமிடமாயிற்று. பூட்டுக்கடைக்கு மேல் ஓர் அறையில் தனியாக இருக்கிறான் என்று தெரிந்தது. இரண்டு தங்கைகளைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பெண் பார்க்கப் போன இடங்களில், 'மாப்பிள்ளை உசரத்துல இருக்கறவர்' என்று தரகர் ஆரம்பிப்பாராம். எவ்வளவு உயரம் என்று விசாரித்தால் இருபத்தைந்து அடி, கம்பத்தின் மேல் என்று தெரியவரும். காபி ஆறுவதற்குள் வெளியே அனுப்பிவிடுவார்களாம்.

"இந்த ஊர்ல ஆயிரத்துச் சொச்சம் வீட்டுக்கு லைன் இழுத்திருக்கேன்," என்றான் ஒரு நாள். "எல்லாரும் எல்லாரோடயும் பேசறாங்க. என் ரூம்ல போன் அடிச்சா ஆபீஸாத்தான் இருக்கும்."

"என் வீட்லயும் போன் அடிச்சா ஆபீஸ்தான்," என்றாள். "உங்க ஆபீஸ்."

மறுமுனையில் பூட்டுக்கடையில் சாவி அராவும் சத்தம்கூட அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. கம்பி இரையவில்லை. அவன் கட்டிய கம்பி அப்படி.

பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளில் அவள் ஐந்தே முக்காலுக்கு முகம் கழுவ ஆரம்பித்திருந்தாள். தொலைபேசியில் முகம் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் கழுவினாள்.

பன்னிரண்டாம் நாள் காலையில் வேறு குரல். தேன் தடவிய பெண் குரல். "எங்கள் சேவையால் மகிழ்ச்சி அடைந்தீர்களா மேடம்? பத்துக்கு எத்தனை மதிப்பெண்?"

"பத்து."

"மேலும் ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?"

இங்கேதான் பிசகினாள். அவனுக்கு ஒரு பாராட்டுக் கடிதமாவது கிடைக்கட்டும், சுவரில் மாட்டட்டும், பூட்டுக்கடை மேல் அறையில் அதாவது பேச்சுத் துணையாக இருக்கட்டும் என்று நினைத்தாள்.

"உங்க ஆள் தெனம் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிட்டு லைன் நல்லா இருக்கான்னு கேக்கறார். இந்தக் காலத்துல அப்படி ஒரு பொறுப்பு யாருக்கு வரும்..."

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. பன்னிரண்டு வருடம் தட்டச்சு செய்தவளுக்குத் தட்டச்சு எங்கே நிற்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அன்று தெரியவில்லை.

"தெனமுமா மேடம்?"

"தெனமும்," என்றாள் பெருமையாக.

அன்று மாலை ஆறு மணிக்குத் தொலைபேசி அடிக்கவில்லை.

மறுநாளும் இல்லை. மழை பெய்தது, அப்போதும் இல்லை. 'இவ்வளவு மழை... கம்பி என்ன ஆச்சுன்னு கேக்கணும்னு தோணலையா...' என்று ஜன்னலருகே நின்றாள். வளைவின் அடியில் ஒவ்வொரு சொட்டாகச் சேர்ந்து, கனத்து, விழுந்துகொண்டிருந்தது. இவ்வளவு சிரத்தையாகத் தண்ணீரை வெளியே நிறுத்தி வைத்தவன், வேறு எதையோ உள்ளே விட்டுவிட்டுப் போயிருந்தான்.

முதல் வாரம் கவலைப்பட்டாள். இரண்டாம் வாரம் கோபப்பட்டாள். 'சரிதான்... ஆயிரத்துச் சொச்சம் வீடு. ஆயிரத்தொண்ணாவது வீட்டுல இப்ப யாரோ டீ ஊத்திட்டிருப்பா.' அவன் எண் அவளிடம் இல்லை. கேட்டு வாங்க மானம் இடம் கொடுக்கவில்லை. ஐந்தே முக்காலுக்கு முகம் கழுவுவதை நிறுத்தினாள். மூன்றாம் வாரம் ஒரு மருத்துவர் காதுக்குள், "நோயாளி தனியாக வசிக்கிறார், முற்றுப்புள்ளி, பேசத் துணை இல்லை, முற்றுப்புள்ளி" என்றபோது விரல் நின்றுவிட்டது.

பதினெட்டாம் நாள் அவள் புகார் எண்ணைச் சுழற்றினாள்.

"போன் அடிக்கறதில்ல."

"டயல் டோன் வருதா மேடம்?"

"வருது."

"இன்டர்நெட்?"

"வருது."

"யாராவது உங்களைக் கூப்பிட்டு, லைன் கிடைக்கலைன்னு சொன்னாங்களா?"

"அப்படிச் சொல்ல... யாரும் இல்ல."

"அப்புறம் எப்படி மேடம் போன் அடிக்கலைன்னு..."

"ஆறு மணிக்கு அடிக்கும்," என்றாள். குரல் உடைந்ததை இருமலாக மாற்றினாள். "இப்ப அடிக்கறதில்ல. எழுதிக்குங்க."

'உள்வரும் அழைப்பு இல்லை' என்று எழுதிக்கொண்டார்கள். அந்தப் பகுதிக்கு ஆள் ஒருவன்தான். அவனையே அனுப்பினார்கள். மகிழ்ச்சிப் பிரிவின் கை செய்வது பழுதுப் பிரிவின் கைக்குத் தெரியாது. அது ஒன்றுதான் அந்த நிறுவனத்தில் நடந்த நல்ல காரியம்.

மாலை ஐந்தரைக்கு வந்தான். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இந்த முறை பெல் ஒரே தடவை. அவள் ஹெட்ஃபோன் போட்டிருக்கவில்லை.

"கம்ப்ளெய்ண்ட் வந்துதுங்க மேடம்."

'மேடம்.' அவளுக்குச் சுருக்கென்றது. "ஆமா சார்," என்றாள். "அங்க இருக்கு."

அவன் கருவியைத் தூக்கிப் பார்த்தான். தன் செல்போனில் சிக்னல் தேடி மொட்டை மாடிக்குப் போனான். தொலைபேசி அடித்தது. அவள் எடுத்தாள்.

"சத்தம் கேக்குதா?"

"கேக்குது."

இரண்டாவது கேள்வி வரவில்லை. வைத்துவிட்டான். படியிறங்கி வந்து சீட்டை நீட்டினான். "லைன்ல ஒரு கோளாறும் இல்ல. கையெழுத்துப் போடுங்க."

"கோளாறு இல்லைன்னா ஏன் அடிக்கல?"

"யாரும் கூப்பிடலைன்னா அடிக்காதுங்க மேடம்."

"அதைத்தான் நானும் கேக்கறேன். ஏன் யாரும் கூப்பிடல?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தான். "புகார் சொன்னவங்க நீங்க. என்னைக் கேட்டா..."

அவள் பிரித்தாள். முத்திரை, எண், தேதி. 'வாடிக்கையாளர் தெரிவித்ததன் பேரில்... தாங்கள் விதிப்படியான ஓர் அழைப்புக்கு மேல் பத்து முறை கூடுதலாகத் தொடர்பு கொண்டது அறியப்படுகிறது. இதற்கான காரணத்தை ஏழு தினங்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கத் தவறினால், தாங்கள் களப்பணியிலிருந்து நீக்கப்பட்டு வெளியூர்க் கிடங்குக்கு மாற்றப்படுவீர்கள். என்றும் தங்கள் மகிழ்ச்சியில்...' கீழே மேலாளர் கையெழுத்து.

அவள் முகம் வெளுத்தது. "நான்... பத்துக்குப் பத்து போட்டேன். தெனம் கூப்பிடறார், எவ்வளவு பொறுப்புன்னு சொன்னேன். புகழ்ந்துதான் சொன்னேன்."

"புகழ்ந்தா?"

"சுவத்துல மாட்டறதுக்கு ஏதாவது குடுப்பாங்கன்னு..."

அவன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான். இடது முழங்காலை நீட்டிக்கொண்டு. பதினெட்டு நாளாக நெஞ்சில் சுமந்ததை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாதவன் போல் கையைப் பார்த்தான். "நான் தொல்லைன்னு நெனச்சுட்டீங்கன்னு... அன்னிக்கே கூப்பிட்டு, இனிமே அந்த நம்பருக்குப் பேசக் கூடாதுன்னுட்டாங்க. என்னை நெனச்சா எனக்கே அருவருப்பாப் போச்சுங்க."

"நானும் வேற யாரோ டீ ஊத்திட்டாங்கன்னு நெனச்சேன்."

அவன் சிரிக்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

"ஏழு நாள் எப்ப முடியுது?"

"நாளைக்கு. லெட்டர் போன வாரந்தான் வந்துது. மேலாளரே தனியாக் கூப்பிட்டு வழி சொன்னார். 'அண்ணே, லைன்ல இரைச்சல் இருந்துது, அதான் திரும்பத் திரும்ப செக் பண்ணேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, கோப்பை மூடிடறேன்'னார்."

"அப்ப எழுதுங்க. நானும் இரைச்சல் இருந்துதுன்னு கையெழுத்துப் போடறேன்."

"இரைச்சல் இல்லையே."

"இருந்துதுன்னு எழுதினா என்ன?"

"நான் கட்டின கம்பி இரையாதுங்க."

"வேலையே போகப் போகுது, உங்களுக்குக் கம்பிதான் பெருசா?" அவளுக்குக் கண் கலங்கியது. "கிடங்குல போய் கம்பி உருளையை எண்ணிட்டு உக்காந்திருப்பீங்க... வெளியூர்ல. அப்ப இங்க..." காகிதத்தை மேஜை மேல் போட்டாள். "ஒரு பொய். ஒரே வரி. அதுக்குக்கூட வணங்காத கௌரவமா?"

அவன் எழுந்தான். கதவு வரை போனான். திரும்பாமல் சொன்னான்.

"கௌரவம் இல்லீங்க. இரைச்சல் இருந்துதுன்னு எழுதினா, அந்தப் பத்து நாளும் நான் பேசினது வேலைன்னு ஆயிடும்."

அவள் வாயைத் திறந்தாள். கேள்வி வெளியே வருவதற்குள் அவன் படியிறங்கிவிட்டான்.

ஜன்னலுக்கு ஓடினாள். தெருவைக் கடந்து, ஏணியைச் சாய்த்து, கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்தான். பெட்டியை மூடத்தான் போகிறான், மூடிவிட்டுப் போய்விடுவான்... தூறல் ஆரம்பித்தது. பட்டையை மாட்டினான். பையிலிருந்து சோதனைத் தொலைபேசியை எடுத்தான். லைன்மேன்கள் கம்பத்திலேயே மாட்டிப் பேசுகிற பருத்த மஞ்சள் கருவி. அதன் கொக்கிகளைப் பெட்டிக்குள் எங்கோ கவ்வவிட்டு, எண்களை அழுத்தினான்.

மேஜை மேல் தொலைபேசி அடித்தது. கடிகாரத்தில் ஆறு.

"சத்தம் கேக்குதா?"

"கேக்குது." ஒயரை ஜன்னல் வரை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். இருவருக்கும் நடுவே தெரு, மழை, ஒரு விரல் அகலக் கம்பி.

"உங்க முன்னாடி உக்காந்து பேச வரலைங்க. பழக்கமில்ல. இங்கேர்ந்துன்னா வருது."

"பேசுங்க."

"விளக்கம் எழுதணும். எனக்குக் கையெழுத்து நல்லா இருக்காது. சொல்றேன்... அடிச்சுக் குடுப்பீங்களா?"

அவள் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, விசைப்பலகையை ஜன்னல் விளிம்புக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். விரல்கள் பழக்கப்பட்ட இடத்துக்குப் போயின. பன்னிரண்டு வருடப் பழக்கம்.

"சொல்லுங்க."

"பெறுநர், மேலாளர் அவர்கள். ஐயா... லைனில் எந்தக் கோளாறும் இருந்ததில்லை. இப்போதும் இல்லை."

"முற்றுப்புள்ளி."

"ம். முதல் அழைப்பு விதிப்படி. மற்ற பத்து அழைப்புக்கும் விதி இல்லை. அவங்க குரலைக் கேக்கறதுக்காக... கேட்பதற்காகக் கூப்பிட்டேன்."

தட்டச்சு நின்றது. தட்டச்சு எங்கே நிற்கும் என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது.

"பத்துதானா?" என்றாள்.

"முதல் போன் விதிங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க. இது ரிக்கார்டு."

மழை சற்று வலுத்தது. கம்பத்தின் மேல் அந்த உயரமான உருவம் தலையைக் குனிந்துகொண்டது. "...பதினொண்ணுன்னே போடுங்க."

எதிர் வீட்டு வாசலில் குடை ஒன்று விரிந்தது. தலைவர். "என்னய்யா, அரை மணி நேரமாக் கம்பத்துல உக்காந்து முணுமுணுத்திட்டிருக்கே? என் வாசல்ல என்ன நடக்குது?"

"டெஸ்டிங் சார்."

"முடிஞ்சுதா?"

"இன்னும் பதில் வரலைங்க சார்."

குடை சற்று நேரம் அண்ணாந்து பார்த்தது. பிறகு ஜன்னலைப் பார்த்தது. பதினோரு பதவி வகித்தவருக்கும் சில விஷயங்களில் அதிகாரம் இல்லை என்று புரிந்திருக்க வேண்டும். உள்ளே போய்விட்டது.

"என்னோடதும் ஒரு வரி சேக்கணும்," என்றாள் அவள். "வாடிக்கையாளர் கருத்து. படிக்கட்டுமா?"

"ம்."

"பதினோரு நாள் கூப்பிட்டது பற்றி எனக்குப் புகார் இல்லை. அதற்கப்புறம் பதினெட்டு நாள் கூப்பிடாதது பற்றித்தான் புகார்." குரல் கரகரத்தது. இந்த முறை இருமவில்லை. "அந்தப் பதினெட்டு நாளும் ஆறு மணிக்கு இங்கயே உக்காந்திருந்தேன்."

கம்பத்தின் மேல் அவன் மஞ்சள் கருவியை மறு காதுக்கு மாற்றிப் பிடித்தான்.

"அனுப்பிடுவாங்க," என்றான் மெதுவாக. "இதைக் குடுத்தா கண்டிப்பாக் கிடங்குதான். வாரத்துக்கு ஒரு நாள்தான் லீவு. பஸ்ல மூணு மணி நேரம்."

"கிடங்குல போன் இருக்குமா?"

"இருக்கும்."

"ஆறு மணிக்கு வேலை முடிஞ்சுடுமா?"

"அஞ்சரைக்கே முடிஞ்சுடும்."

"அப்புறம் என்ன..."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மழை என்று வைத்துக்கொள்ளலாம். வளைவின் அடியில் சொட்டுகள் வரிசையாகச் சேர்ந்து விழுந்துகொண்டிருந்தன. உள்ளே ஒரு துளி வரவில்லை.

"இரைச்சல் இருக்கா?" என்றான்.

"மழைதான். வேற ஒண்ணும் இல்ல." ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். "நனைஞ்சது போதும், எறங்குங்க. எடது காலை ஊனாம, பாத்து. டீ போடறேன்... சக்கரை ஜாஸ்தியா. கதவு தெறந்துதான் இருக்கு, இந்தத் தடவையாவது வாசல் வழியா வாங்க."